யுலிஸிஸ் எஸ். கிராண்ட்டின் படை வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குப் படைகளை வெற்றிக்குக் கொண்டுசேர்த்த தளபதி கிராண்ட். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குடி, சுருட்டு, "கசாப்புக்காரர்" என்ற பட்டம் இவற்றோடு நின்றுவிடுகிறது. அவரைப் புரிந்துகொள்ள வண்டி, கோவேறு கழுதை, ரேஷன் மூட்டை, அதாவது படைக்கான வழங்கல், இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. கீழே உள்ள பதில்கள் பலவற்றில் இது திரும்பத் திரும்ப வரும்.

பெயரில் உள்ள "எஸ்." எதைக் குறிக்கிறது?

எதையும் குறிக்கவில்லை. 1822 ஏப்ரல் 27 அன்று ஓஹையோ மாநிலத்தில் பிறந்தபோது வைத்த பெயர் ஹைரம் யுலிஸிஸ். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குப் பரிந்துரைத்த காங்கிரஸ் உறுப்பினர் தாமஸ் ஹாமர் தவறாக "யுலிஸிஸ் எஸ்." என்று எழுதி அனுப்பினார். பதிவேட்டில் ஏறியது ஏறியதுதான்.

கல்லூரியில் சிறந்த மாணவரா?

நடுத்தரம். 1843-ல் தேறிய 39 பேரில் 21-ஆம் இடம். கணக்கு நன்றாக வந்தது. குதிரையேற்றத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் குதிரைப்படையில் இடம் கிடைக்காமல், 4-ஆம் காலாட்படை ரெஜிமெண்டுக்கு அனுப்பப்பட்டார்.

மெக்சிகோ போரில் (1846–48) என்ன செய்தார்?

முதலில் பாலோ ஆல்டோ, ரெசாகா சண்டைகளில் துப்பாக்கி வரிசையில் நின்றார். 1846 ஆகஸ்டில் ரெஜிமெண்டின் குவார்ட்டர்மாஸ்டர் ஆக்கினார்கள். உணவு, கூடாரம், வண்டி, விலங்கு எல்லாம் அவர் பொறுப்பு. சண்டையில் நிற்க வேண்டும், இந்த வேலை வேண்டாம் என்று எழுதிக் கேட்டார், மறுத்துவிட்டார்கள்.

வேலையின் கஷ்டத்தைத் தன் நினைவுக்குறிப்பில் நுணுக்கமாகச் சொல்கிறார். வீரர்கள் விடியலில் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகுதான் கூடாரங்களையும் சமையல் பாத்திரங்களையும் கோவேறு கழுதைகளின் முதுகில் கட்ட முடியும். கடைசிக் கழுதைக்கு மூட்டை ஏற்றுவதற்குள், முதலில் ஏற்றியவை நின்று சலித்துப்போய்ச் சில ஓடும், சில தரையில் புரளும், கூடாரக் கம்புகளை வைத்திருப்பவை செடிகொடிகளில் சிக்கும். திரும்பவும் கட்ட வேண்டும். இத்தனைக்கும் மேல், இருட்டுவதற்குள் அடுத்த முகாமில் எல்லாம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

மான்டெர்ரேயில் தெருச்சண்டை நடந்தபோது தோட்டா தீர்ந்துபோயிற்று. குதிரையின் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு, எதிரி சுடும் தெருக்களைக் கடந்து செய்தி சொல்லப் போனார். தோட்டாவைத் திரட்டுவதற்குள் முன்னால் இருந்த படையே பின்வாங்கி வந்துவிட்டது. துணிச்சல் எவ்வளவு இருந்தாலும் பொருள் நேரத்துக்குப் போகாவிட்டால் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

1847 செப்டம்பரில் மெக்சிகோ நகரின் சான் கோஸ்மே வாயிலருகே, ஒரு சிறு பீரங்கியைப் பிரித்துத் தூக்கிச்சென்று தேவாலய மணிக்கூண்டில் ஏற்றிச் சுட்டார். மகிழ்ந்த ஜெனரல் வொர்த் அவரை அழைத்துவர ஒரு லெப்டினன்ட்டை அனுப்பினார். அந்த லெப்டினன்ட் ஜான் பெம்பர்டன். 16 ஆண்டுகள் கழித்து, தெற்குப் படைத் தளபதியாக, விக்ஸ்பர்க் நகரை கிராண்ட்டிடம் ஒப்படைக்கப்போகிறவர் அவர்தான்.

1854-ல் ராணுவத்தை விட்டது ஏன்?

போருக்குப் பின் 1852-ல் ரெஜிமெண்ட் பனாமா வழியாகப் பசிபிக் கரைக்குப் போனது. கழுதை தருவதாக ஒப்பந்தம் செய்தவர் கைவிரித்தார். காலரா பரவியது. ஒப்பந்த விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து, தன் பொறுப்பில் கழுதைகளை அமர்த்தி மக்களை அந்தப் பக்கம் கொண்டுசேர்த்தார் கிராண்ட். அப்படியும், நியூயார்க்கிலிருந்து கிளம்பியவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இறந்ததாக அவரே கணக்குச் சொல்கிறார்.

பிறகு ஃபோர்ட் வான்கூவர், கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் ஹம்போல்ட். சம்பளம் போதவில்லை, மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர வழியில்லை. கேப்டன் பதவியை ஏற்ற நாளிலேயே விலகல் கடிதமும் எழுதினார். குடிப்பழக்கத்துக்காக மேலதிகாரி வெளியேற்றினார் என்ற கதை பழையது. ராணுவ விசாரணை எதுவும் நடக்கவில்லை.

ஏழு ஆண்டு ராணுவத்துக்கு வெளியே இருந்தவர் எப்படி ஜெனரல் ஆனார்?

செயின்ட் லூயிஸ் அருகே விவசாயம் கைகொடுக்கவில்லை. 1860-ல் இலினாய் மாநிலம் கலீனாவில் தந்தையின் தோல் கடையில் சேர்ந்தார். போர் வெடித்ததும் மாநில ஆளுநர் அலுவலகத்தில் படிவங்கள் தயாரிக்கும் வேலை. பயிற்சி பெற்ற அதிகாரிகள் அரிதாக இருந்த நேரம் அது. 1861 ஜூனில், அடங்காத படை என்று பெயரெடுத்த 21-ஆம் இலினாய் ரெஜிமெண்டுக்குக் கர்னல் ஆக்கினார்கள். ரயில் வசதி இருந்தும் அவர்களை முதலில் நடத்தியே கூட்டிச்சென்றார். நடையே பயிற்சி என்பது அவர் எண்ணம். ஆகஸ்டில், காங்கிரஸ் உறுப்பினர் எலைஹு வாஷ்பர்னின் ஆதரவோடு பிரிகேடியர் ஜெனரல் பதவி வந்தது.

வழங்கல் என்று இவ்வளவு சொல்கிறீர்களே, எண்ணிக்கையில் அது எவ்வளவு?

அன்றைய கணக்கு இது. ஒரு வீரருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3 பவுண்டு உணவு. குதிரைக்கு 14 பவுண்டு வைக்கோல், 12 பவுண்டு தானியம். கோவேறு கழுதைக்கு 14-ம் 9-ம், ஆகமொத்தம் 23 பவுண்டு. ஆறு கழுதை பூட்டிய வண்டி, சுமாரான பாதையில் ஏறத்தாழ 2,500 பவுண்டு இழுக்கும்.

40,000 பேர் கொண்ட படைக்கு ஒரு நாளைக்கு 1,20,000 பவுண்டு உணவு, அதாவது 48 வண்டிகள். இது மனிதர் சாப்பாடு மட்டும். தோட்டா, மருந்து, பீரங்கிக் குதிரைகளின் தீவனம் தனி. அந்த ஆறு கழுதைகளும் நாளொன்றுக்கு 138 பவுண்டு தின்னும். கிடங்குக்குப் போய்வரப் பத்து நாள் ஆகிறதென்றால், தீவனத்தையும் வண்டியிலேயே ஏற்றினால், 2,500-ல் 1,380 பவுண்டை இழுக்கிற கழுதைகளே தின்று தீர்த்துவிடும். ஆற்றையும் ரயிலையும் விட்டுப் படைகள் நகரத் தயங்கியது கோழைத்தனத்தால் அல்ல. ஊர் வயல்களில் தீவனம் கிடைத்தால் மட்டுமே இந்தக் கணக்கு மாறும். கிராண்ட்டின் பெரிய முடிவுகளை இந்த எண்களை வைத்துப் படித்துப் பாருங்கள்.

டோனல்சன் கோட்டையில் (1862 பிப்ரவரி) அவர் செய்தது என்ன?

பிப்ரவரி 6-ல் டென்னசி ஆற்றங்கரையில் ஹென்றி கோட்டையைக் கடற்படை அதிகாரி ஃபூட்டின் பீரங்கிப் படகுகள் வீழ்த்தின. அடுத்து கம்பர்லாந்து ஆற்றில் டோனல்சன். 15-ஆம் தேதி காலை கிராண்ட் ஃபூட்டைச் சந்திக்கப் போயிருந்த நேரத்தில், தெற்குப் படை வெளியே பாய்ந்து வடக்கின் வலப்பக்கத்தை உடைத்துவிட்டது. திரும்பி வந்தபோது அதிகாரிகள் திகைத்து நின்றார்கள். எதிரி வீரர்களின் பைகளில் உணவு நிரம்பியிருக்கிறது, நாள்கணக்கில் சண்டைபோட வந்திருக்கிறார்கள் என்று பேச்சு. கிராண்ட் அதையே வேறு மாதிரி படித்தார். கோட்டைக்குள் இருந்தபடி சண்டை போட நினைப்பவன் சோற்று மூட்டை கட்டமாட்டான். இவர்கள் தப்பி ஓடப் பார்க்கிறார்கள். அப்படியானால் மற்றப் பக்கம் ஆள் குறைவாக இருக்கும். உடனே இடப்பக்கம் சி.எஃப். ஸ்மித்தைத் தாக்கச் சொன்னார். கணிப்பு பலித்தது.

மறுநாள் கோட்டையில் இருந்த தெற்குத் தளபதி பக்னர் சரணடைய விதிமுறை கேட்டபோது, நிபந்தனையற்ற உடனடிச் சரணடைவு தவிர வேறெதையும் ஏற்க முடியாது என்று பதில் எழுதினார். 12,000 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். இந்த பக்னர், 1854-ல் கையில் காசில்லாமல் நியூயார்க்கில் நின்ற கிராண்ட்டுக்கு உதவிய பழைய நண்பர்.

ஷைலோவில் ஏமாந்தாரா?

ஆம். 1862 ஏப்ரல் 6 காலை தெற்குத் தளபதி ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டனின் படை வந்து விழும்வரை, எதிரி கோரிந்த் நகரில்தான் இருப்பான் என்றே நினைத்திருந்தார். முகாமைச் சுற்றி மண் அரண் எழுப்பவில்லை. புதிய வீரர்களுக்கு அரண் கட்டுவதைவிடப் பயிற்சிதான் தேவை என்பது அன்றைய நினைப்பு. கிராண்ட்டின் கீழிருந்த லூ வாலஸின் டிவிஷன் வேறு பாதையில் போய்ச் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. படை ஆற்றங்கரைவரை தள்ளப்பட்டும் கலையவில்லை. இரவில் வடக்கின் இன்னொரு தளபதி புவெல்லின் படை ஆற்றைக் கடந்து வந்தது. 7-ஆம் தேதி எதிர்த்தாக்குதலில் இழந்த இடமெல்லாம் திரும்பியது. இருபக்கமும் சேர்த்து 23,000-க்கும் மேற்பட்டோர் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போனார்கள். ஒரே வெற்றியில் போர் முடியும் என்ற நம்பிக்கையை ஷைலோவில் விட்டுவிட்டதாகப் பின்னாளில் எழுதினார்.

விக்ஸ்பர்க் ஏன் அவ்வளவு கடினம்? எப்படிப் பிடித்தார்?

மிசிசிப்பி ஆறு கொண்டை ஊசியாக வளையும் இடத்தில், உயரமான மேட்டில் இருந்த ஊர். வடக்கே சதுப்பு நிலம். தெற்கே போக பீரங்கிகளைத் தாண்ட வேண்டும்.

முதல் முயற்சி ரயில் பாதையை ஒட்டித் தெற்கே நடப்பது. 1862 டிசம்பர் 20 அன்று தெற்கின் வான் டோர்னின் குதிரைப்படை ஹாலி ஸ்பிரிங்ஸில் இருந்த கிராண்ட்டின் கிடங்கைக் கொளுத்தியது; ஃபாரஸ்ட் ரயில் பாதையைப் பெயர்த்தார். படை திரும்ப நேர்ந்தது. வழியில் வேறு வகையின்றிச் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் உணவு திரட்டியபோது, எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ கிடைத்தது. அந்தத் தோல்வியின் லாபம் அது.

குளிர்காலம் முழுக்கக் கால்வாய் வெட்டியும், யாசூ பாஸ், ஸ்டீல்ஸ் பாயூ என்று ஓடைகளில் படகு விட்டும் பார்த்தார்கள். மரங்கள் குறுக்கே விழுந்தன, நீர்மட்டம் ஏமாற்றியது, எதுவும் தேறவில்லை.

1863 ஏப்ரலில் எடுத்த முடிவு வேறு மாதிரி. படை மேற்குக் கரை வழியே தெற்கே நடக்கும். படகுகள் இரவில் பீரங்கிகளுக்கு முன்னால் ஓடித் தாண்டும். கொதிகலன்களைச் சுற்றிப் பஞ்சுப் பொதிகளை அடுக்கினார்கள். ஏப்ரல் 16 இரவு கடற்படை அதிகாரி போர்ட்டரின் பீரங்கிப் படகுகள் எல்லாம் தப்பின. மூன்று சரக்குப் படகுகளில் ஒன்று எரிந்தது. 22-ஆம் தேதி ஆறு சரக்குப் படகுகளில் ஒன்று மூழ்கியது. படகோட்டிகள் பலர் மறுத்ததால், ஆற்றுத் தொழில் தெரிந்த வீரர்களே முன்வந்து ஓட்டினார்கள். இதற்கிடையே கிரியர்சனின் 1,700 குதிரை வீரர்கள் மிசிசிப்பி மாநிலத்தை மேலிருந்து கீழாகக் கிழித்துக்கொண்டு போய் எதிரியைத் திசைதிருப்பினார்கள்.

29-ஆம் தேதி கிராண்ட் கல்ஃப் என்ற ஊரின் பீரங்கிகளைப் படகுகளால் அடக்க முடியவில்லை. அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு கறுப்பினத்தவர் ப்ரூயின்ஸ்பர்க்கில் நல்ல இறங்குதுறையும் உள்ளே போகச் சாலையும் இருப்பதாகச் சொன்னார். 30-ஆம் தேதி அங்கே இறங்கினார்கள். மே 1 போர்ட் கிப்சன், 12 ரேமண்ட், 14 ஜாக்சன், 16 சாம்பியன் ஹில், 17 பிக் பிளாக் ஆற்றுப் பாலம். பதினேழு நாளில் ஐந்து சண்டை, ஐந்தும் வெற்றி.

19, 22 தேதிகளில் நேராக மோதியது தோல்வி. 22-ல் மட்டும் சுமார் 3,200 பேர் இழப்பு. தன் ஆட்கள் இரு அரண்களைப் பிடித்துவிட்டதாக, கிராண்ட்டின் கீழிருந்த தளபதி மக்ளர்னண்ட் மிகைப்படுத்தித் தகவல் அனுப்பியதால் தாக்குதல் நீண்டு இழப்பு கூடியது. பிறகு முற்றுகை. ஜூலை 4-ல் பெம்பர்டன் சரணடைந்தார்: ஏறத்தாழ 29,500 பேர், 172 பீரங்கிகள். இனிப் போரிட மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுவித்தார். அவ்வளவு பேரையும் வடக்கே ஏற்றிச் செல்வதென்றால் படகுகள் எல்லாம் அதிலேயே முடங்கியிருக்கும்.

அந்த நடையில் வழங்கல் பாதையை முற்றிலும் துண்டித்தார் என்பது உண்மையா?

பாதி உண்மை. நிலையான, காவல் வைத்த பாதை இல்லை. ஆனால் கிராண்ட் கல்ஃபிலிருந்து காவலோடு வண்டித் தொடர்கள் வந்துகொண்டிருந்தன. ஊரில் கிடைக்காததை மட்டும் அவற்றில் ஏற்றினார்கள்: கெட்டி பிஸ்கட், காப்பி, உப்பு, தோட்டா. இறைச்சி, சோளம், தீவனம் ஊரிலேயே எடுத்தார்கள். தோட்டா சுமக்கச் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் வண்டிகளை எல்லாம் பிடித்தார்கள். பணக்காரர் வீட்டு அலங்கார வண்டியில் தோட்டாப் பெட்டி, பஞ்சு வண்டியில் தோட்டாப் பெட்டி. இதன் பலனை மே 15-ல் பாருங்கள். கிராண்ட்டின் வழங்கல் பாதையை அறுக்கப் பெம்பர்டன் தென்கிழக்கே கிளம்பினார். அறுக்கும்படியான பாதை அங்கே இல்லை. மறுநாள் சாம்பியன் ஹில்லில் மாட்டிக்கொண்டார்.

பொது ஆணை எண் 11 என்பது என்ன?

அவர் வாழ்க்கையின் மிக மோசமான ஆணை. 1862 டிசம்பர் 17 அன்று, கள்ளத்தனமான பஞ்சு வியாபாரத்தைக் காரணம் காட்டி, தன் ஆளுகைப் பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார். கென்டக்கியின் படூக்காவில் குடும்பங்கள் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டன. லிங்கன் 1863 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தார். சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகத்தையே தண்டித்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

சட்டனூகாவில் பசியை எப்படித் தீர்த்தார்?

1863 அக்டோபர் 23-ல் அவர் போய்ச் சேர்ந்தபோது, முற்றுகையில் இருந்த வடக்குப் படைக்கு மலை வழியாகச் சுமார் 60 மைல் வண்டிப் பாதை ஒன்றே மிச்சம். மழையில் சேறாகி, ஆயிரக்கணக்கான கழுதைகள் பட்டினியில் செத்துக் கிடந்தன. பொறியாளர் வில்லியம் ஸ்மித் வகுத்திருந்த திட்டத்தைக் கிராண்ட் மறுநாளே ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டார். 27-ஆம் தேதி விடியுமுன் சுமார் 1,500 பேர் மிதவைப் படகுகளில் ஓசையின்றி ஆற்றோடு மிதந்து பிரவுன்ஸ் ஃபெரியில் இறங்கினார்கள். அதே படகுகளைக் கொண்டு அங்கே பாலம் போட்டார்கள். 30-ஆம் தேதி நீராவிப் படகில் 40,000 ரேஷன் வந்தது. வீரர்கள் அதற்கு "பிஸ்கட் பாதை" என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். நவம்பர் 25-ல் எதிரி இருந்த மிஷனரி ரிட்ஜ் மலைமுகட்டை ஏறிப் பிடித்தது இந்த வயிறு நிறைந்த பிறகுதான். அடிவாரக் குழிகளைப் பிடிக்க மட்டுமே உத்தரவு. அங்கே நின்றால் மேலிருந்து சுடுகிறார்கள் என்பதால் வீரர்களே உச்சிவரை ஏறினார்கள்.

1864-ல் தலைமைத் தளபதி ஆனதும் என்ன மாற்றினார்?

மார்ச் 9-ல் லெப்டினன்ட் ஜெனரல் பதவி. வாஷிங்டன் மேஜையை ஹாலெக்கிடம் விட்டுவிட்டு, மீட் தலைமையிலான பொடோமாக் படையோடு களத்தில் தங்கினார். மீட் வர்ஜீனியாவில் தெற்குப் படையின் தளபதி லீயை, ஷெர்மன் ஜார்ஜியாவை, பட்லர் ஜேம்ஸ் ஆற்றுப் பக்கத்தை, சீகல் ஷெனாண்டோவாப் பள்ளத்தாக்கை என்று ஒரே நேரத்தில் நெருக்க வேண்டும் என்பது திட்டம். முன்பெல்லாம் ஒருபக்கம் சும்மா இருக்கும்போது தெற்கு அங்கிருந்து ஆளை ரயிலேற்றி மறுபக்கம் அனுப்பும். பட்லரும் சீகலும் சொதப்பினார்கள், ஷெர்மன் நிறைவேற்றினார்.

"கசாப்புக்காரர்" என்பது நியாயமா?

மே 5 முதல் ஜூன் நடுப்பகுதிவரை வில்டர்னஸ், ஸ்பாட்சில்வேனியா, கோல்ட் ஹார்பர் சண்டைகளில் சுமார் 55,000 பேர் இழப்பு. சிறிய எண்ணிக்கை அல்ல. ஆனால் லீயும் தன் சிறிய படையில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். விகிதத்தில் பார்த்தால் கிராண்ட்டுக்கு அது குறைவில்லை. பட்டத்தை நாங்கள் ஏற்பதில்லை. கோல்ட் ஹார்பரை மட்டும் மன்னிக்க முடியாது. ஜூன் 2-ல் நடக்க வேண்டிய தாக்குதல் 3-க்குத் தள்ளிப்போனதில் லீயின் ஆட்களுக்கு ஒரு நாள் மண் வெட்டக் கிடைத்தது. எதிரி வரிசையை யாரும் சரியாகப் பார்த்து வரவில்லை. காயம்பட்டவர்கள் 7-ஆம் தேதிவரை வெயிலில் கிடந்தார்கள், இரு தளபதிகளும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாக்குதலுக்காகக் கடைசிவரை வருந்தியதாக அவரே எழுதியிருக்கிறார்.

ஜேம்ஸ் ஆற்றைக் கடந்தும் பீட்டர்ஸ்பர்க் ஏன் உடனே விழவில்லை?

பீட்டர்ஸ்பர்க், தெற்கின் தலைநகர் ரிச்மண்டுக்கு ரயில்கள் போகும் சந்திப்பு. ஆற்றைக் கடந்தது அபாரம். ஜூன் 14 மாலை தொடங்கிச் சுமார் எட்டு மணி நேரத்தில், 101 மிதவைகளை வைத்து ஏறத்தாழ 2,100 அடி நீளப் பாலம். ஓதம் இழுக்காமல் இருக்க நங்கூரமிட்ட பாய்மரக் கப்பல்களோடு கட்டினார்கள். லீ பல நாள் ஏமாந்தார்.

கெட்டது அடுத்த நாள். ஹான்காக்கின் கோர் (பல டிவிஷன்கள் கொண்ட படைப்பிரிவு) வராத 60,000 ரேஷனுக்காகக் காலை முழுக்கக் காத்திருந்தது. கையில் இருந்த வரைபடமும் தவறு. பீட்டர்ஸ்பர்க்கைத் தாக்கத்தான் போகிறோம் என்றுகூட ஹான்காக்குக்குச் சொல்லப்படவில்லை. முன்னால் போன வில்லியம் ஸ்மித் அரண்களைப் பிடித்தும் இரவில் நின்றுவிட்டார். ஊரைக் காத்த பியூரெகார்டின் சிறுபடை தாக்குப்பிடித்தது. லீ வந்து சேர்ந்தார். ஒன்பது மாதத்துக்கும் மேல் நீண்ட முற்றுகை இப்படித்தான் தொடங்கியது.

பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் நடந்த "கிரேட்டர்" (வெடிப்பள்ளம்) சுரங்கத் தாக்குதல் எங்கே கெட்டது?

பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 511 அடி சுரங்கம் தோண்டி 8,000 பவுண்டு வெடிமருந்து வைத்தார்கள். கேட்டது ஒரே நீளத் திரி, வந்தது துண்டுகள். 1864 ஜூலை 30 விடியுமுன் வைத்த நெருப்பு ஒட்டுப்போட்ட இடத்தில் அணைந்தது. இரண்டு பேர் உள்ளே போய் மறுபடி பற்றவைத்தார்கள். 4:44-க்கு வெடித்தது. அது பலித்தது. கெடுத்தது முந்தின நாள் மாற்றம்: பயிற்சி பெற்றிருந்த கறுப்பின டிவிஷனை முன்னால் அனுப்ப வேண்டாம் என்று மீட் சொல்ல, கிராண்ட்டும் ஒத்துக்கொண்டார். சீட்டுப் போட்டுத் தேர்ந்த லெட்லியின் டிவிஷனுக்குப் பயிற்சியும் இல்லை, கூட வந்த தளபதியும் இல்லை. பள்ளத்தைச் சுற்றிப் போக வேண்டியவர்கள் அதற்குள் இறங்கினார்கள், ஏறமுடியவில்லை. சுமார் 3,800 பேர் இழப்பு.

லீ ஏன் 1865 ஏப்ரலில் சரணடைய நேர்ந்தது?

சோறு. சிட்டி பாயிண்டில் கிராண்ட் கட்டிய தளத்தில் கப்பல்துறை, ரயில், நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரொட்டிக்கு மேல் சுடும் அடுமனை எல்லாம் இருந்தன. எதிர்ப்பக்கம், லீயின் ரயில் பாதைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஏப்ரல் 1 ஃபைவ் ஃபோர்க்ஸ், 2-ல் பீட்டர்ஸ்பர்க். 4-ஆம் தேதி அமீலியாவில் லீ உணவை எதிர்பார்த்துப் போனார். இருந்தவை ராணுவத் தளவாடங்கள். ஒரு நாள் அங்கேயே வீணானது. 8-ல் அப்போமாட்டக்ஸ் நிலையத்தில் காத்திருந்த உணவு ரயில்களைக் கஸ்டரின் குதிரைப்படை பிடித்தது. 9-ஆம் தேதி மக்லீன் வீட்டில் கையெழுத்து. வீரர்கள் வீட்டுக்குப் போகலாம், சொந்தக் குதிரையை உழவுக்கு எடுத்துப்போகலாம், அதிகாரிகள் இடைவாளை வைத்துக்கொள்ளலாம். உடன்படிக்கையைப் பிரதி எடுத்து எழுதியவர் செனெக்கா இனத்தைச் சேர்ந்த ஈலி பார்க்கர். உங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, 25,000 ரேஷன் அனுப்பச் சொன்னார் கிராண்ட்.

குடித்துவிட்டுப் போர் நடத்தினாரா?

குடிப்பழக்கம் அவருக்குப் பிரச்சினையாக இருந்தது. உதவியாளர் ஜான் ராலின்ஸ் அதைக் காவல் காத்தார். எந்தப் பெரிய சண்டையும் அதனால் கெட்டதற்குச் சான்று இல்லை.

போருக்குப் பின் பதவி என்ன ஆனது?

1866 ஜூலையில் "ஜெனரல்" என்ற நான்கு நட்சத்திரப் பதவி அவருக்காகவே உருவானது. 1869-ல் குடியரசுத் தலைவர் ஆனபோது அதைத் துறந்தார், ஓய்வூதியமும் போயிற்று. 1884-ல் பங்குதாரரின் மோசடியில் பணமெல்லாம் அழிந்தது, தொண்டையில் புற்றுநோயும் வந்தது. 1885 மார்ச் 4-ல் காங்கிரஸ் பதவியை மீட்டுத் தந்தது. குடும்பத்துக்கு வழி செய்ய நினைவுக்குறிப்பை எழுதிமுடித்து, சில நாளில், ஜூலை 23-ல் இறந்தார்.